ஒருவன் தப்பும் முப்பது பேர் ஞாயிறும்

பட்டாளத்தில் டூட்டி எப்போது ஆரம்பிக்கும் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எப்போது முடியும் என்று கேட்டால்தான் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளம்புகிற நேரம் பார்த்து மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்த அனுபவம் உள்ளவர்களே, நீங்களும் என் கட்சிதான். எழுபதுகளின் தொடக்கத்தில், வடக்கே சில வருஷம் பனியில் கிடந்துவிட்டு, கிண்டிக்குப் பக்கத்திலிருந்த ஒரு யூனிட்டுக்கு மாற்றலாகி வந்தேன். எங்கள் வீடு மயிலாப்பூரில், சாந்தோம் கோயிலுக்குப் பின் தெரு. ஒரு பஸ் பிடித்தால் வீடு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சேவியர் இனிமே ஆபீஸ் போற மாதிரி காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடுவான்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். எனக்கும் அந்த நினைப்புதான்.

செம்மண் ஷூ

எங்கள் பிளாட்டூனில் முப்பது பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அணிவகுப்பில் நிற்க வைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறினால் அவுட் பாஸ். சாயங்காலம் பேர் கூப்பிடுகிற வரை ஊர் சுற்றலாம். நான் வந்த முதல் ஞாயிறே, சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து வந்த முருகையாவின் ஷூவில் செம்மண் ஒட்டியிருந்தது. எங்கள் கம்பெனி கமாண்டர் மேஜர், சத்தமே போடாத மனுஷன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "பிளாட்டூன் முழுவதற்கும் பாஸ் கேன்சல்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாங்களே முருகையாவைத் திருத்திவிடுவோம் என்பது அவர் எண்ணம். திருத்தத்தான் போனோம். சுற்றி நின்று வாய்க்கு வந்தபடி திட்டினோம். ஒருவன் பாலிஷ் டப்பாவைத் தூக்கி அவன் மேல் எறிந்தான். முருகையா எங்கள் எல்லாருடைய ஷூவையும் இழுத்துப் போட்டுக்கொண்டு துடைக்க உட்கார்ந்துவிட்டான். சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. பார்க்கப் பார்க்க எங்கள் கோபம் அவனை விட்டுவிட்டு மேஜர் பக்கம் திரும்பியது. நாங்களே அவனை இழுத்துப்போய்ச் சாப்பிட வைத்தோம். கறுத்த விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்:

"நாலு அடி அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காதுண்ணே. உங்க மூஞ்சியளப் பாக்கத்தான் முடியல."

பனகல் பார்க் ஓரம்

கேட்டைத் தாண்டினாலும் மேஜரின் ராஜ்யம் முடியாது. சட்டையை உள்ளே விட வேண்டும், முடி ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், தெருவில் நின்று எதையும் தின்னக் கூடாது. ஒரு ஞாயிறு அக்கா பெண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு தி.நகரில் சுற்றிக்கொண்டிருந்தேன். பனகல் பார்க் ஓரம் ஒரு அம்மாள் சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஆளுக்கொன்று வாங்கிக் கடிக்க ஆரம்பித்தோம். ஜீப் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. மேஜர்!

வாயில் சோளத்தோடு விறைத்து நின்று "ஜெய்ஹிந்த் சாப்" என்றேன். குழந்தையும் தோளிலிருந்தபடியே சல்யூட் அடித்தது. அதன் கையிலிருந்த சோளம் என் மண்டையில் நங்கென்று இடித்தது. மேஜர் சிரிக்கவில்லை. "நாளைக் காலை என் முன்னால் வந்து நில்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜீப் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்த சோளக்கார அம்மாள் விசிறியை நிறுத்தாமலே கேட்டாள்:

"இன்னா நைனா, இன்னிக்கு லீவுன்னு சொல்லிக்கினு இருந்தே. உம் மேஸ்திரிக்கு ஆரும் சொல்லலியா?"

தர்பார்

தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அப்பா இல்லாத வீடு. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அவள் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியவன் நான்தான். அன்றைக்கு ஒருநாள் லீவும் கிடைத்துவிட்டது. கல்யாணத்துக்கு முந்தின வாரம் முருகையா அடையாறு பக்கம் கடற்கரைக்குப் போனான். பிறந்ததிலிருந்து கடலையே பார்க்காதவன். பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவன் பஸ்ஸை விட்டுவிட்டான். நடந்தே வந்து சேர்ந்தபோது பேர் கூப்பிட்டு முடிந்திருந்தது. பிளாட்டூன் முழுவதற்கும் பாஸ் கிடையாது, லீவு கிடையாது என்று மேஜர் உத்தரவு போட்டார். என் லீவும் அதோடு போயிற்று. அம்மாவுக்கு என்னவென்று சொல்லி அனுப்புவது?

நல்லவேளையாக அந்த வாரமே தர்பார் வந்தது. கர்னல் எல்லாரையும் மைதானத்தில் உட்கார வைத்துக் குறை கேட்கிற நாள். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்பது சட்டம். யாரும் பேசாமலிருப்பது வழக்கம். நான் எழுந்தேன்.

"சாப், தப்பு பண்ணினவன் யாருன்னு தெரியும். அவனும் ஒத்துக்கிட்டான். எனக்குத் தங்கச்சி கல்யாண லீவே போச்சு. மத்தவங்களுக்கு எதுக்குத் தண்டனை?"

கர்னல் கோபப்படவில்லை. "காவலுக்கு நின்றவன் தூங்கிவிட்டால், எதிரி அவனை மட்டுமா சுடுவான்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வடக்கே அதைக் கண்ணால் பார்த்தவன் நான். "எல்லாரையும்தான் சுடுவான் சாப். ஆனா அவன் எதிரி. நீங்க எங்க ஆபீசர்."

கர்னல் மேஜரைப் பார்த்தார். பிறகு என்னிடம், "நீ உன் தங்கை கல்யாணத்துக்குப் போ" என்றார். "மத்தவங்க, சாப்?" என்றேன். "உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். மறுநாள் காலை எல்லாருடைய பாஸும் லீவும் திரும்பி வந்தன. முருகையாவுக்கு மட்டும் தனியாகத் தண்டனை. மூட்டையைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி!

கல்யாணத்தன்று கோட்டு போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்தால், அங்கே மேஜர் நிற்கிறார். கிட்டே வந்து, கோணலாக இருந்த என் கழுத்து டையைத் தன் கையாலேயே நேராக்கினார்.

"தங்கைக்கு என் வாழ்த்தைச் சொல். பேர் கூப்பிடுவதற்குள் வந்து சேர்."

ஈக்காட்டுத்தாங்கல் பேச்சி

சில வருஷங்களில் நான் ஹவில்தார் ஆனேன். என் கீழே பத்துப் பேர் கொண்ட ஒரு செக்‌ஷன். அதில் முருகையாவும் ஒருவன். அவனுக்குக் கல்யாணமாகி, மனைவி பேச்சியம்மாள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறைக்கு மேல் அறை எடுத்துக் குடியிருந்தாள். ஞாயிறு ஒருநாள்தான் அவன் அங்கே போக முடியும். மேஜர் மாற்றலாகிப் போய், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேப்டனாக வந்திருந்தார். என் செக்‌ஷன் சாப்பிட்டுப் போன நேரத்தில் யாரோ சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். உடைத்தவன் ஒத்துக்கொள்ளும் வரை என் செக்‌ஷன் முழுவதும் உள்ளே என்றார் கேப்டன். "உடைச்சது இவங்கதான்னு தெரியாம அடைக்க நான் துணை நிக்க மாட்டேன் சார். அடைச்சுத்தான் ஆகணும்னா என் பாஸையும் எடுத்துக்குங்க" என்றேன். எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் பேச்சியம்மாள் டிபன் கேரியரோடு கேட்டுக்கு வந்து நின்றாள். நல்ல வெயில். விஷயத்தை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கேப்டன் அந்த வழியாக வந்தார். அவரைக் கண்டு நான் விறைத்து நின்றதும், பெரிய ஆபீசர் இவர்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அடுத்த ஞாயிறு காரணம் சொல்லாமலே எல்லாருக்கும் பாஸ் வந்தது அவள் கேட்ட கேள்வியால்தான்:

"கண்ணாடிய உடைச்சது யாருன்னு தெரியாதுங்கிய, அதனால எம் வீட்டுக்காரவுகள அடைச்சு வச்சிருக்கிய. சரிய்யா, நான் என்ன தப்பு பண்ணுனேன்னு சொல்லுங்க, நானும் திருந்திக்கிடுதேன்."

இத்தனையும் பார்த்த பிறகு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நாட்டின் எல்லையைக் காப்பாற்றப் பட்டாளம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றத்தான் அவரவர் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறது.