பாடுகிறவள் நிற்கும் இடம்

1. மேற்பலகை வளைந்த என் ஆர்ச்டாப் கிடாரின் ஒலி காதைக் குத்தும் அளவுக்குக் கூர்மையாக இருந்தது.
2. எங்கள் குழுவின் பாடகி லதா, அடுத்த கச்சேரிக்குக் கிடார் வேண்டாம், கீபோர்டே போதும் என்றாள்.
3. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை மாற்றத் தீர்மானித்தேன். பிக்கப்களின் அளவுகளை அட்டவணை போட்டு, ஒலி மென்மையாகும் என்று மின்தடை (ரெசிஸ்டன்ஸ்) அதிகமானதை வாங்கி, நானே சால்டர் செய்தேன்.

எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் என்ற தைரியம். ஸ்ரீவராகம் பகுதியில் இருக்கும் லதா வீட்டு மாடியில் வாசித்துக் காட்டினேன்.

“முன்னே காதுல குத்தித்து. இப்போ போர்வைக்குள்ளேர்ந்து கத்தறாப்ல இருக்கு, கேட்டோ.”

“நம்பரெல்லாம் சரியா இருக்குடீ.”

“நம்பரையா நான் பாடப்போறேன்? இங்க வந்து நின்னு கேளு.”

என் கிடாரில் தனக்குத் தெரிந்த இரண்டே ஸ்வரக்கூட்டுகளை அவள் வாசிக்க, அவளுடைய மைக் முன் நின்று நான் பாடினேன். கிடார் ஒலி மூடியதில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சேர்ந்து வாசித்த இரண்டு வருடங்களில் ஒருமுறைகூட நான் அங்கே நின்று கேட்டதில்லை.

பிக்கப் வாங்கிய கடைக்காரர், பணம் கேட்காமல், நம்பிக்கையின் பேரில் இன்னும் இரண்டு பிக்கப்களைக் கொடுத்தனுப்பினார். ஒவ்வொன்றையும் மாட்டி, லதாவை வாசிக்கச் சொல்லி, அதே இடத்தில் நின்று பாடிக் கேட்டேன். அட்டவணையில் நான் வேண்டாமென்று அடித்துவிட்டிருந்த ஒன்று, குத்தாமல், குரலையும் மூடாமல், இதமாக ஒலித்தது.

“இதாண்டீ! கீபோர்டுக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிடறேன்” என்றாள் லதா.

படிப்பு தந்த பெருமையைவிட, அன்று காதால் தேர்ந்தெடுத்த பெருமை எனக்குப் பெரிது. அந்தப் பிக்கப்தான் இன்றும் கிடாரில் இருக்கிறது. லதா பாடுகிறாள், நான் வாசிக்கிறேன்.