கொம்பன் சுறாவுக்குப் பிரசவம் பார்த்த ரெஜினா மிஸ்ஸி

யாருமே நம்பப் போகாத ஒரு கதையை, வெள்ளவத்தைக் கடல் சாட்சியாக, இங்கே சொல்லப் போகிறேன். திங்கட்கிழமை காலை தேநீருக்குச் சீனி கலக்கிக்கொண்டிருந்தபோது கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்தது. "அங்கிள், மிஸ்ஸி போயிட்டாங்க" என்றாள் ரெஜினா மிஸ்ஸியின் தங்கை மகள். தேநீர் அப்படியே ஆறிப்போனது.

ரெஜினா மிஸ்ஸி நாற்பது வருடம் பிரசவ வார்டில் தாதியாக இருந்தவர். கொட்டாஞ்சேனை முதல் கல்கிசை வரையுள்ள சனத்தில் பாதிப்பேரை இந்த உலகத்துக்கு இழுத்து எடுத்தவர் அவர்தான். மீதிப்பேர் அவருக்குப் பயந்து தாமாகவே பிறந்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகும் வெள்ளைச் சப்பாத்தோடு பிள்ளை பெற்ற வீடுகளுக்கு வருவார். வந்ததும் குழந்தையைப் பார்க்கமாட்டார். நேரே குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறப்பார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று சுறாக் குட்டியை, பால்சுறா என்று செல்லப் பெயரும் வைத்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்து கொடுப்பவர்கள் நாங்கள். அதைச் சட்டியில் கண்டால் மிஸ்ஸி மூடியைப் போடும் சத்தம் களனி வரை கேட்கும். "கொம்பன் சுறா முடியப் போகுது. நீங்க குட்டியாப் பார்த்துத் திங்கிறீங்க. அப்ப நாளைக்கு எது பெரிசாகும்?"

"உங்கட அப்பாவும் சுறா பிடிச்சவர்தானே மிஸ்ஸி?" என்று என் தங்கை ஒருமுறை குத்தினாள்.

"அதனாலதான் சொல்றேன். அவர் ஒரு நாள்ல கொண்டுவந்தத இப்ப ஒரு வருஷத்துல நான் காணல்ல."

பிறகு ஒருநாள். என் தங்கையின் மகள் கோகிலாவுக்குப் பிள்ளை பிறந்து அன்று இரண்டாம் நாள். பால் வரவில்லை. குழந்தை அழுத அழுகையில் எங்கள் மாடிக் கட்டடம் கடல் பக்கமாக ஓரங்குலம் நகர்ந்தது. "அண்ணை, பால்சுறா இல்லாமல் இந்த வீட்டுப் பக்கம் வராதேங்கோ" என்றாள் தங்கை. நான் புறப்பட்டேன். குழந்தையைக் குளிப்பாட்ட வந்திருந்த மிஸ்ஸி, கையிலிருந்த எனாமல் பேசினோடு என் பின்னாலேயே வந்தார்.

ரயில் பாதையைத் தாண்டினால் மணலில் ஒரு படகு ஏறியிருந்தது. பக்கத்தில் ஒரு கொம்பன் சுறா, சம்மட்டித் தலையோடு, மூன்று ரயில் பெட்டி நீளத்துக்கு. மீன்காரன் வயிற்றைக் கீறியதும் உள்ளே குட்டிகள்.

"கத்தியக் கீழ வை" என்று மிஸ்ஸி சிங்களத்தில் அதட்டினார். "நீ பொறக்கும்போது கால் பக்கமா வந்தவன். ஒன்னையும் நான் இப்படி வெட்டியா எடுத்தேன்?"

அவன் வைத்துவிட்டான். மிஸ்ஸி மணலில் முழங்காலிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். ஒன்றும் அசையவில்லை. கடைசிக் குட்டி மட்டும் அசைந்தது. பேசினில் கடல் தண்ணீர் கொண்டுவர என்னை ஏவிவிட்டுக் கேட்டார்: "வயித்துல சுமக்கிறவள வெட்டித்தான் பெத்தவளுக்குக் குடுக்கணுமா, அண்ணே?"

பேசினில் தண்ணீர் கொண்டுவந்து குட்டியை அதில் ஏந்திக்கொண்டேன். வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினேன். "தலையப் பிடிக்காதீங்க, அடியில கைய வைங்க" என்று கரையிலிருந்து கட்டளை வந்தது. கரையோர ரயில் நின்றது. ஓட்டுநர் எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

வெறுங்கையோடு வீடு திரும்பினோம். "பிள்ளை பசியில கிடக்குது, நீங்கள் அங்க மீனுக்குத் தாலாட்டுப் பாடினீங்களோ?" என்றாள் தங்கை.

மிஸ்ஸி பேசினைக் கீழே வைத்தார். "நாளைக்கு இந்நேரத்துக்குள்ள பால் வரல்லேன்னா இனி ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டேன். பிள்ளைய நெஞ்சில போடுங்க. இவளக் கொஞ்சம் நித்திரை கொள்ள விடுங்க." நாற்பது வருடப் பெயரையும் பந்தயம் வைத்துவிட்டு, கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்தவர் எழும்பவேயில்லை. மறுநாள் மத்தியானம் பால் வந்தது. தெஹிவளை வரை வெள்ளம். மிஸ்ஸி சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "பால் தாய்கிட்ட இருக்கு, சட்டியில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று அடக்கம் முடிந்து வரும்போது ஒரு அம்மா, "இனிப் பயமில்லாமல் பால்சுறா சமைக்கலாம்" என்று சிரித்தார். அம்மா, அந்த எனாமல் பேசின் என்னிடம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குசினிக்கு இனி நான் வருவேன். மூடியை ஓங்கிப் போடவும் பழகிவிட்டேன்.

ரயில் நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சுறாவும் அவ்வளவு நீளமில்லை. ஆனால் அந்தக் குட்டி என் உள்ளங்கையில் ஒருதரம் வாலை அடித்து, ஆழத்தைப் பார்த்துத் தானாக நீந்திப் போனது. அது உண்மை.