கதியாலுக்குள் போன ஒழுங்கை

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சுன்னாகத்துக்கு வடக்கே, காங்கேசன்துறை வீதியோரத்தில், நாலு தகரத்தை நிமிர்த்தி வைத்துச் சைக்கிள் கடை போட்டேன். அடுத்த மாரிக்குள் மூடிவிடுவான் என்றார்கள். இருபது வருடத்துக்கு மேல் நடத்தினேன். ஓலை வீட்டில் பிறந்தவன் கல்வீடு கட்டினேன். சுண்ணாம்புக் கல்லை உடைத்துக் கிணறு வெட்டினேன். தண்ணீர் வராது என்று சொன்னவர்களே பிறகு வாளியோடு வந்து நின்றார்கள். ஒரு மகளைப் பெற்றேன், ஊரில் எந்தப் பெட்டையும் படிக்காத அளவுக்குப் படிப்பித்தேன். கடைசியாக ஒரு ஒழுங்கை, வேலிகளுக்கு நடுவே ஓடும் ஒடுக்கமான பாதை. அதைக் கட்டினேன் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் அது முன்பே இருந்தது. வேலிகளுக்குள் போய்விட்டதை வெளியே எடுத்தேன். நான் செய்தவற்றில் பெரியது அதுதான். அதற்கு மட்டும் எவரும் என் பெயரைச் சொல்வதில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊரவர் சந்தைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ ரயிலுக்கோ போவதென்றால் பெரிய வீதியால்தான் போகவேண்டும். அறுபதுகளின் நடுவில் கல்லும் சீமெந்தும் ஏற்றிய லொறிகள் அதில் பெருகிவிட்டன. தாருக்கும் ஓரத்து மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம். பின்னால் லொறி ஹோர்ன் அடித்தால் சைக்கிள்காரன் மண்ணுக்கு இறங்கவேண்டும். இறங்குவது சுகம். திரும்ப ஏறும்போதுதான் முன்சில்லு தார் விளிம்பில் உரசி ஆளைத் தூக்கி எறியும். நடப்பவர்களுக்கு அந்த மண்ணும் இல்லை. மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர். கடைக்கு வருகிற வளைந்த றிம்மைப் பார்த்தே எந்த இடத்தில் விழுந்தார்கள் என்று சொல்வேன். விழுந்தவர்களால்தான் நான் பிழைத்தேன். அதை மறைக்கவில்லை.

என் மகள் பெரிய பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வகுப்புக்கு எடுபட்ட வருடம் அது. சைக்கிளில்தான் போய்வந்தாள். ஒரு பின்னேரம் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் அவளையும் சைக்கிளையும் கடை வாசலில் கொண்டுவந்து விட்டார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் இல்லை. புத்தகப் பையின்மேல் லொறியின் பின்சில்லு ஏறிப் போயிருந்தது. பைக்கும் அவள் தலைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்று தோட்டக்காரர் கையை மடித்துக் காட்டினார். ஒரு முழம்கூட இல்லை.

வீட்டில் மனைவி கத்தவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"இனி இவள் உந்த றோட்டாலை போகமாட்டாள்," என்றாள்.

"பஸ்ஸிலை போகட்டும்."

"காலமை பஸ் நிறைஞ்சு வாறது, எங்கடை சந்தியிலை நிப்பாட்டுறேல்லை. உங்களுக்குத் தெரியாதோ? படிச்சது காணும், இனி வீட்டிலை இருக்கட்டும்."

மகள் நசிந்த புத்தகத்தின் தாள்களை இடது கையால் ஒவ்வொன்றாக நீவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் என் வாய் திறந்தது.

"தையிலை பள்ளிக்கூடம் துவங்க முன்னம் ஒழுங்கையைத் திறந்து தாறன். அதாலை போகட்டும்."

"ஆர், நீங்களோ?"

"ஓம், நான்தான்."

அந்த ஒழுங்கை எங்கள் வீடுகளின் பின்னால் ஓடி, சுன்னாகம் ஸ்டேசனுக்குப் போகும் தெருவில் ஏறுகிறது. ஒரு காலத்தில் மாட்டு வண்டி போனது என்பார்கள். என் காலத்தில் இரண்டு சைக்கிள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்னால் உருள வேண்டும். வெங்காய மூட்டை கட்டிய சைக்கிள் உள்ளேயே வராது. காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும், எவரும் வாயால் சொல்வதில்லை. எங்கள் வேலிகள் உயிர்வேலிகள். கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று வெட்டி நடும் கதியால்கள்தான் வேலிக்குத் தூண். ஐப்பசி மழையில், பட்டுப்போன கதியாலை எடுத்துவிட்டுப் புதிதை நடுவோம். பழைய குழியில் நடமாட்டோம். அதற்கு வெளிப்பக்கமாக நாலு விரல் தள்ளிக் குழி கிண்டுவோம். அயலவன் பக்கம் தள்ளினால் வழக்கு கோடு கச்சேரி வரை போகும். ஒழுங்கைப் பக்கம் தள்ளினால் கேட்க ஆளில்லை. அப்படியே ஒழுங்கை எங்கள் வீட்டு வளவுகளுக்குள் வந்து சேர்ந்தது.

கிராமச் சங்கத்துக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் சங்கத்தின் வீதி வேலைகளைப் பார்க்கும் ஓவசியர் பழைய பிளானோடும் அளவுச் சங்கிலியோடும் வந்து அளக்கச் சம்மதித்தார். வேலிகளை ஆட்கள் தாங்களே பின்னுக்கு எடுத்தால் சல்லிக்கல் போட்டுத் தருவதாகவும், ஒருவர் மறித்தாலும் திரும்பிப் போய்விடுவதாகவும் சொன்னார்.

மறிக்கக்கூடிய ஆள் ஒருவர் இருந்தார். பென்சன் எடுத்த விதானையார், முன்பு அரசாங்கத்துக்காக ஊரை நடத்தியவர். அவருடைய வேலிக்கு எதிரே புகையிலை வைக்கும் கட்டடத்தின் பழைய கல்மதில். மதில் நகராது, ஆகவே அந்த இடத்தில் ஒழுங்கை அகலுவதென்றால் விதானையாரின் வேலிதான் நகரவேண்டும். நான் போய்ப் படலையில் நின்றேன். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"ஒழுங்கை அகண்டால் உனக்குத்தானே யாவாரம், சைக்கிள்காரா?"

"ஒழுங்கையிலை ஆரும் விழமாட்டினம், ஐயா. எனக்கு நட்டம்தான்."

"அப்ப ஏன் அலையிறாய்?"

"மேள் படிக்கவேணும்."

"பெட்டை படிக்கிறதுக்கு நான் காணி விடுறதோ?"

"உங்கடை காணியைக் கேக்கேல்லை. ஒழுங்கையின்ரை காணியைக் கேக்கிறன்."

அவர் படலையைச் சாத்தினார்.

அளந்த அன்று ஒவ்வொரு வளவிலும் ஆட்கள் வேலிக்கு உள்ளே நின்றே பார்த்தார்கள். ஒருவரும் ஒழுங்கைக்கு இறங்கவில்லை. ஓவசியர் மதகுக் கல்லிலிருந்து சங்கிலியை இழுத்து, பிளானைப் பார்த்து, முளை அடித்துக்கொண்டு வந்தார். ஒரு வேலி ஒரு சாண் வெளியே. அடுத்தது ஒரு முழம். விதானையாரின் வேலி ஒன்றரை முழம். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றார். சங்கிலி என் வளவுக்கு வந்தது. முளை என் வேலியைத் தாண்டி உள்ளே போய், கிணற்றடிக்கு அருகில் இறங்கியது. இரண்டு முழமும் ஒரு சாணும். அந்த ஒழுங்கையிலேயே மிகவும் வெளியே வந்திருந்த வேலி என்னுடையது.

நான் வருடாவருடம் நாலு விரல்தான் தள்ளினேன். அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.

"எடேய், அளவுக்காரரைக் கூட்டிவந்தவன்தான்ரா பெரிய கள்ளன்!" என்று ஒருவர் கத்தினார். ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. விதானையார் சிரிக்கவில்லை. "ஓவசியர், இனிப் போகலாம்," என்றார். ஓவசியர் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார்.

அவர் போய்விட்டால் எல்லாம் முடிந்தது. மகளின் படிப்பும் அந்தச் சங்கிலியோடு சுருண்டு போகும். கடையிலிருந்து குழி கிண்டும் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து என் முதலாவது கதியாலின் அடியில் குத்தினேன். வேர்விட்ட கதியால் சும்மா வராது. தோளைக் கொடுத்துத் தூக்கினேன். வேலியில் கட்டியிருந்த ஓலைக் கிடுகு சரிந்தது. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்த மனைவி ஈரச் சேலையோடு எழும்பினாள்.

"இஞ்சேருங்கோ, என்ன வேலை பாக்கிறியள்? சனம் பாக்கக் குளிக்கிறதோ நான்?"

"மதில் கட்டித் தாறன்."

"எப்ப?"

"முதலிலை வேலி போகட்டும்."

அவள் வாளியை எறிந்துவிட்டு உள்ளே போனாள். நான் நிறுத்தவில்லை. பத்தாவது கதியாலோ பதினோராவதோ வரும்போது, என்னைக் கள்ளன் என்று கத்தியவரே அலவாங்கோடு தன்னுடைய வேலியில் நின்றார். ஓவசியர் சங்கிலியைக் கீழே வைத்தார். அந்தக் கிழமைக்குள் எல்லா வேலியும் பின்னுக்குப் போயிற்று, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று போதும். கழுத்தில் கயிறு போட்டதுபோல் ஒழுங்கை அந்த இடத்தில் நெரிந்து நின்றது. சல்லிக்கல் வராது என்று ஓவசியர் சொல்லியனுப்பினார். கார்த்திகை போய் மார்கழி வந்தது. மனைவி என்னோடு கதைப்பதில்லை. நான் கட்டிக்கொடுத்த சாக்கு மறைப்புக்குள் குளித்தாள். வேலியை எடுத்தவர்கள் கடைக்கு முன்னால் நின்று, "விதானையார் எடுக்காட்டில் நாங்களும் திரும்ப நடுவம் கண்டியோ," என்றார்கள். நட்டுவிட்டால் ஒரு மழைக்கே வேர் பிடித்துவிடும். மகள் பழைய பாடங்களையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாள். எப்போது என்று என்னைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறக்க மூன்று கிழமை இருந்தது.

அந்த நேரத்தில் விதானையாரோடு இருந்த அவருடைய தமக்கையார் மோசம்போனார். நானும் போனேன், சாவீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா? பாடை வளவுக்குள்ளிருந்து வெளியே வந்தது. சுடலைக்கு அந்த ஒழுங்கையால்தான் போகவேண்டும். முன்னால் இருவர், பின்னால் இருவர். மதிலுக்கும் வேலிக்கும் நடுவில் வந்ததும் பாடை நின்றது. ஒரு பக்கத்தார் மதிலில் தோளை உரசிக்கொண்டு நிற்கிறார்கள், மறுபக்கத்தாருக்குக் கால் வைக்க இடமில்லை. பறைமேளம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. இப்படி நேர்ந்தால் வேலியை வெட்டிப் பிரேதத்தைக் கொண்டுபோய், அடுத்த நாள் பழைய இடத்திலேயே அடைப்பது எங்கள் வழக்கம். ஆனால் அன்று எவரும் அந்த வேலியில் கை வைக்கவில்லை. எல்லாரும் என்னையும் விதானையாரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உன்ரை அலவாங்கு எங்கை?"

ஓடிப்போய் எடுத்துவந்தேன். பாடை போக எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கதியால்களைத்தான் பிடுங்கினேன். ஒன்றுகூட அதிகமில்லை. பாடை போயிற்று.

அடுத்த நாள் சாம்பல் அள்ளும் காடாற்று முடிந்து ஆட்கள் கலைந்தபின், அலவாங்கோடு அங்கே போனேன். சாவீட்டில் செய்யக்கூடிய காரியமா என்று எவரும் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டேன். பின்னேரத்துக்குள் அவருடைய ஆட்கள் பழைய குழியில் நட்டுவிட்டால் பிறகு வழியில்லை. ஓவசியர் அடித்த முளை இன்னும் நின்றது. அந்த நேரில் முதலாவது குழியைக் கிண்டினேன். இரண்டாவதைக் கிண்டும்போது விதானையார் வந்து நின்றார். மேலில் சால்வைகூட இல்லை.

"ஆர் சொன்னது உனக்கு, இஞ்சை கிண்டச் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை, ஐயா."

அவர் கீழே குனிந்து குழியைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். நான் அலவாங்கை நிலத்தில் ஊன்றிப் பிடித்திருந்தேன்.

"உதிலை நடாதை," என்றார்.

அலவாங்கை நிலத்திலிருந்து பிடுங்கினேன்.

"இன்னும் நாலு விரல் உள்ளுக்கு நடு. கதியால் தடிக்கும்."

அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார். பிடுங்காமல் மிச்சமிருந்த கதியால்களையும் அன்றைக்கே நான் தனியாகப் பிடுங்கி, அவர் சொன்னபடி நாலு விரல் உள்ளே நட்டேன்.

சல்லிக்கல் வந்தது. தண்ணீர் நிற்கும் இடத்தில் மதகைத் திருத்தினோம். கல்லைப் பரப்பி, மேலே செம்பாட்டு மண் போட்டு இறுக்கினோம். தையில் பள்ளிக்கூடம் திறந்த அன்று மகள் சைக்கிளை ஒழுங்கையில் இறக்கினாள். மனைவி வாசலில் நின்று, அவள் கண்ணுக்கு மறையும்வரை பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "மதில் எப்ப?" என்றாள். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அவள் என்னோடு கதைத்த முதல் கதை. மதிலையும் கட்டினேன், மேலே எழுதிய கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெங்காய மூட்டைச் சைக்கிள்கள் வந்தன. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் நடந்தார்கள். மகள் படித்து ஆசிரியையானாள். இன்றைக்கும் அதே ஒழுங்கையால் சைக்கிளில்தான் போகிறாள்.

ஒழுங்கை முகப்பில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதில் சங்கத் தலைவரின் பெயர் இருக்கிறது. ஓவசியரின் பெயர் இருக்கிறது. 'காணி உபகரித்தவர்' என்று விதானையாரின் பெயர் இருக்கிறது. அவர் இப்போது இல்லை, அவரை நான் குறை சொல்லவில்லை. அந்த நாலு விரலுக்கு அவர் பெயர் இருக்கத்தான் வேண்டும். என் பெயர் எங்கே?

வீண் பெருமைக்குக் கேட்கவில்லை. சரி, பெருமைக்கும்தான். ஆனால் போன ஐப்பசியில் நடந்து பார்த்தேன். மூன்று வளவுகளில் புதுக் கதியால் பழைய குழிக்கு வெளியே நிற்கிறது. ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீங்கள் ஆர் அண்ணை கேக்க? கல்லிலை உங்கடை பேர் இருக்கோ?" என்றார். இப்படியே விட்டால் என் மகள் திரும்பவும் லொறிகளுக்கு முன்னால்தான் போகவேண்டும்.

கல்லின் அடியில் இன்னும் ஒரு சாண் வெறுமையாக இருக்கிறது, அளந்து பார்த்தேன். ஊரவரே, அதில் என் பெயரை வெட்டுங்கள். வேலியை முதலில் பின்னுக்கு எடுத்தவன் என்று வெட்டுங்கள். எல்லாரிலும் கூட வெளியே தள்ளியவனும் இவன்தான் என்று சேர்க்க விரும்பினால் சேருங்கள், அது உண்மை. சங்கத்தார் மறுத்தால் நானே உளி எடுப்பேன்.