அண்ணன் உள்ளே போனானா?

இரண்டு வருஷத்துக்கு முந்தைய மே மாதம். கடலூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடக்கும். விவிலியக் கதை, பாட்டு, விளையாட்டு, கடைசி நாள் சாயந்திரம் ஒரு நாடகம், முடிந்ததும் ஆளுக்கு ஒரு பொட்டலம் குஸ்கா. காலையில் பிள்ளையை அனுப்பிவிட்டால் மத்தியானம் வரை தையல் மெஷின் முன்னால் நிம்மதியாக உட்காரலாம் என்பதற்காகவே அனுப்பும் அம்மாக்களில் நானும் ஒருத்தி. பக்திக்காக அனுப்பினேன் என்று சொன்னால் என் மகளே சிரிப்பாள்.

நான் சிறுமியாக இருந்தபோது மறைக்கல்வி என்றால் கேள்வி பதில்தான். சிஸ்டர் கேட்பார், நாங்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்போம், நன்றாக ஒப்பித்தவளுக்கு ஒரு ஜெபமாலை பரிசு. அந்த வருஷம் வந்த டீச்சர் வேறு மாதிரி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடையில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயதுதான் இருக்கும். வகுப்பை முடித்துவிட்டு நேராகக் கடைக்கு ஓட வேண்டும். கதையை நன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, முக்கியமான இடத்தில் டக்கென்று நிறுத்திவிடுவார். “மீதிய நாளைக்குப் பாக்கலாம். அதுக்குள்ள வூட்ல இருக்கிற பெரியவங்க எல்லாரையும், நீங்களா இருந்தா என்னா பண்ணுவீங்கன்னு கேட்டுட்டு வரணும்” என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்துவிடுவார்.

இதனால் எங்கள் தெருவில் நிம்மதி போய்விட்டது. நல்ல சமாரியர் கதையன்று, அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று பக்கத்து வீட்டு அம்மாவைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். அந்த அம்மா சோறு வடிக்கிற அவசரத்தில், “நூத்தியெட்டுக்கு போன் போட்டுட்டு நான் என் பஸ்ஸ புடிச்சிடுவேன்” என்று சொல்லிவிட்டார். மறுநாள் அது வகுப்பில் ஒலிபரப்பானது. அந்த அம்மா ஒரு வாரம் டீச்சர் முகத்தைப் பார்க்காமல் கோயிலுக்குப் பின்வாசல் வழியாக வந்து போனார்.

எல்லாம் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஊதாரி மைந்தன் கதை வருகிற வரைக்கும்.

கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஒரு அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்க் கண்டபடி வாழ்ந்து, எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, தலை குனிந்து வீடு திரும்புகிறான். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, புதுத்துணி உடுத்தி, விருந்து போடுகிறார். வயலிலிருந்து வந்த பெரியவனுக்கு ஆத்திரம். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நிற்கிறான். அப்பா வெளியே வந்து கெஞ்சுகிறார்.

டீச்சர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரிடம் மகள் கேட்டாள்.

“ஏப்பா, அண்ணன் உள்ள போனானா, இல்லியா?”

எனக்குக் கையில் கரண்டி நின்றுபோனது. ஏனென்றால் எங்கள் வீட்டிலேயே ஒரு அண்ணன் பல வருஷமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

என் மாமனாருக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவர் என் வீட்டுக்காரர். குடிகாடு பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. சின்னவர், என் கொழுந்தனார், கல்யாணம்கூடப் பண்ணாமல் பம்பாய்க்குப் போனவர், குடியில் விழுந்து அங்கேயே கரைந்துபோனார். மாமனார் பக்கவாதத்தில் படுக்கையில் கிடந்த காலம் முழுக்க அவர் எட்டிப் பார்க்கவில்லை. வாய் குழறி, ஒரு பக்கம் விளங்காமல் கிடந்த மனுஷரை என் வீட்டுக்காரர்தான் தூக்கினார், துடைத்தார், குளிப்பாட்டினார். தெருவில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மாமனார் இறந்தார். அடக்கத்துக்கும் சின்னவர் வரவில்லை.

பிறகு ஒருநாள் திரும்பி வந்தார். குடியை விட்டிருந்தார். அண்ணாமலை நகரில் ஹாஸ்டல் பிள்ளைகள் வந்துபோகும் ஒரு மெஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டு, சிதம்பரத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினார். ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தவில்லை, சண்டை போடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கொழுந்தனார் நான் கொடுத்த காபியைக்கூடக் குடிக்காமல், “வரேன் அண்ணி” என்று கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இப்போது என் மகள் எடுத்துவிட்டாள்.

“எதுக்குப் போவணும்? அவன் கேட்டதுல என்னா தப்பு?” என்றார் என் வீட்டுக்காரர். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார் என்று பயந்தேன். அவரோ மகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, பெரியவன் பக்கத்து நியாயத்தையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். வக்கீலே தோற்றுப்போவார்.

மகள் அதையெல்லாம் வகுப்பில் போய்ச் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்கு ஒரே சந்தோஷம். கடைசி நாள் நாடகத்துக்கு இந்தக் கதைதான் என்றும், அண்ணன் வேஷம் இவளுக்குத்தான் என்றும் முடிவாகிவிட்டது. வசனத்தை நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரருக்குக் கேட்கவா வேண்டும்? பூசைக்கே கடைசி வரிசையில் நிற்கிற மனுஷர், ஷிப்டு முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மகளுக்கு வசனம் சொல்லிக்கொடுத்தார். கையை எப்படி ஓங்க வேண்டும், துண்டை எப்படி உதறித் தோளில் போட வேண்டும், எல்லாம் பாடம். தன் பழைய லுங்கியைக் கொடுத்து, அண்ணனுக்குத் தைத்துக் கொடு என்று என்னிடம் நீட்டினார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கூடவே கொஞ்சம் பயம்.

ஒரு நாள் நான் மெஷினில் குனிந்திருந்தபோது அவர் மகளிடம் சொன்னது காதில் விழுந்தது. “இதையும் சேத்துக்கம்மா. தூக்கிக் குளிப்பாட்டுனது நானு. ஆனா அவரு கண்ணத் தொறந்தா கேக்கறது, சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னுதான். பெரியவன் சாப்ட்டானான்னு ஒரு நாள் கேட்டதில்ல.”

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. தம்பி வரவில்லை என்பதுதான் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய காயம் வேறு இடத்தில் இருந்திருக்கிறது. பக்கத்திலேயே படுத்துக்கொண்டு நானும் பார்க்கவில்லை.

நாடகத்தன்று கோயில் பின்னால் இருக்கும் ஹாலில் நல்ல கூட்டம். ஃபாதர் முன்வரிசையில் இருந்தார். என் வீட்டுக்காரர் அயர்ன் செய்த சட்டையில், நடு வரிசையில், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு பட்டுப்புடவையைக் கட்டித் தொங்கவிட்டு அதை வீடு என்று வைத்திருந்தார்கள். பஞ்சுத்தாடி ஒட்டிய ஒரு குண்டுப் பையன் அப்பா. ஊதாரித் தம்பியாக வந்தவன் பன்றிகளோடு சேர்ந்து தவிடு தின்ற காட்சியில் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

காற்று வரட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே மாதா சிலை வைத்திருக்கும் கெபிக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில், என் கொழுந்தனார் நின்றுகொண்டிருந்தார்.

யார் கூப்பிட்டது? வேறு யார்! வீட்டுப் பெரியவர்கள் எல்லாரையும் கேட்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தாரே. என் மகள் என் போனிலிருந்தே சித்தப்பாவுக்குப் பேசி, நாடகத்துக்கும் அழைத்திருக்கிறாள். “சித்தப்பா, நீங்களா இருந்தா அண்ணன்கிட்ட என்னா சொல்வீங்க?” என்று கேட்டாளாம். “சொல்றதுக்கு எனக்கு ஒண்ணுமில்லம்மா. அண்ணன் சொல்றதெல்லாம் கரெக்ட்டுதான்” என்றாராம் அவர். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர் ஹாலுக்குள் கால் வைக்கத் துணியாமல் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையில் என் மகள் வந்தாள். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு. அச்சாக என் வீட்டுக்காரர். துண்டை உதறித் தோளில் போட்டபோதே சிலர் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

“வெள்ளத்துல ஒங்களத் தோள்ல தூக்கினு போனது யாரு? நானு! வாயத் தொடச்சி சோறு ஊட்டுனது யாரு? நானு! அவன் எங்க இருந்தான்?” என்று கத்தினாள். ஹாலில் சிரிப்பு நின்றுபோனது. எங்களைத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள். என் வீட்டுக்காரர் முதலில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அடுத்தவர் காதில் விழும்படி தன் மனசு மேடையில் கிடப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தலை மெல்லக் குனிந்தது.

“கண்ணத் தொறந்தா, சின்னவன் வந்துட்டானான்னு கேட்டீங்க. பெரியவன் சாப்ட்டானான்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

மகளின் குரல் அங்கே உடைந்தது. நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது குண்டுப் பையன் பேச வேண்டும். ஒத்திகையில் எப்போதும் இந்த இடத்தில்தான் அவனுக்கு மறந்துபோகும் என்று மகள் சொல்லியிருந்தாள். அன்று மறக்கவில்லை. தாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை என் மகள் தோளில் வைத்தான். “மவனே, நீ எப்பவும் என்கூடவே இருக்க. என்னுதெல்லாம் ஒன்னுதுதான். ஆனா ஒன் தம்பி செத்துப் பூட்டான்னு நெனச்சோம், உசுரோட வந்துட்டான். உள்ள வாப்பா.”

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. வாய் குழறிக் கிடந்த ஒரு அப்பா கடைசி வரை சொல்லாமல் போனதை, பஞ்சுத்தாடி வைத்த ஒரு சின்னப் பையன் அத்தனை பேர் முன்னால் அவரிடம் சொல்லிவிட்டான்.

அண்ணன் உள்ளே போவதா வேண்டாமா என்பதை மேடையில் நிற்கும்போது நீயே முடிவு செய் என்று டீச்சர் விட்டிருந்தார். என் மகள் புடவைக் கதவைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். மூலையில் நின்ற டீச்சர் சைகைகூடக் காட்டவில்லை. கடைசியில் மகள் தன் சொந்தக் குரலில் சொன்னாள்.

“எனக்குத் தெரியல. எங்கப்பாவ கேட்டேன். அவுங்க இன்னும் சொல்லல.”

என் வீட்டுக்காரர் எழுந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட, வாசலைப் பார்த்து நடந்தார். போச்சு, கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார், பிள்ளையை மேடையில் வைத்து அவமானப்படுத்துகிறாரே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவர் நேராக வேப்பமரத்தடிக்குப் போனார். தம்பி வந்திருப்பதை எப்போது பார்த்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டு, கையில் வைத்திருந்த மிட்டாய்ப் பெட்டியை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். கட்டிப்பிடிப்பது, காலில் விழுவது, ஒன்றும் நடக்கவில்லை. என் வீட்டுக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“உள்ள வாடா. புள்ள எம்மா நேரம் நிக்கும்?” என்றார்.

இரண்டு பேரும் ஹாலுக்குள் வந்ததை மேடையிலிருந்து மகள் பார்த்தாள். அவ்வளவுதான், லுங்கி தடுக்கத் தடுக்க ஒரே ஓட்டமாகப் புடவைக் கதவுக்குள் ஓடினாள். கட்டியிருந்த கயிறு அறுந்து வீடே அவள் தலையில் விழுந்தது. கூட்டம் கைதட்டிய தட்டலில் ஹால் அதிர்ந்தது.

குஸ்கா சாப்பிடும்போது டீச்சரைத் தேடிப்பிடித்தேன். எங்கள் வீட்டுக் கதை தெரிந்துதான் இந்த வேஷத்தை என் மகளுக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் மிரண்டுபோய்விட்டார். “ஐயோ, எனக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. சத்தமா பேசுற புள்ளன்னுதான் குடுத்தேன்” என்றார். சரி, கதையை ஏன் முடிக்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். “பைபிள்லயே அண்ணன் உள்ள போனானான்னு இல்லக்கா. ஆண்டவரே முடிக்காம வுட்டத நான் எப்பிடி முடிக்கிறது?” என்று சொல்லிவிட்டு, கடை சாத்துவதற்குள் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். சின்ன வயதிலிருந்து அந்தக் கதையைப் பூசையில் கேட்கிறேன். அது பாதியில் நிற்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். அந்த டீச்சரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. நல்லபடி வாழ வேண்டும் என்று அவர் பிள்ளைகளிடம் ஒரு தடவைகூட உபதேசம் செய்து நான் கேட்டதில்லை. கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், அவ்வளவுதான்.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். என் வீட்டுக்காரர் இப்போதும் தம்பியிடம் அளந்துதான் பேசுவார். குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று என்னிடம் சொல்ல வேண்டியதைக்கூட அவர்மேல் எரிந்துவிழுந்து தீர்த்துக்கொள்வார். ஆனால் கல்லறைத் திருநாளுக்கு மாமனார் கல்லறையை இரண்டு பேரும் சேர்ந்துதான் வெள்ளையடிக்கிறார்கள். வாளியை ஒருவர் பிடிக்க, மட்டையால் இன்னொருவர் அடிக்க, ஒரு வார்த்தை பேசாமல் முடித்துவிட்டு, ஒரே வண்டியில் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். மற்ற நாளில் எப்போது வீட்டுக்கு வந்தாலும் கொழுந்தனார் முதலில் என்னிடம் கேட்பது, “அண்ணன் சாப்ட்டாரா அண்ணி?” என்றுதான்.

யார் வீட்டிலாவது அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை என்று கேள்விப்பட்டால், புத்தி சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பெரியவர்கள் நாம் முடிவு சொல்வதற்காக ஒரு பிள்ளை லுங்கியைப் பிடித்துக்கொண்டு மேடையில் காத்து நிற்பதுதான் கண்ணுக்குள் வருகிறது.