தொப்பியை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்

டி.வி.யில் குஸ்தி ஓடும்போதெல்லாம் "அப்பா, இது நெசமா, நடிப்பா?" என்று கேட்கிறீர்கள். நான் எழுந்து போய்விடுகிறேன். உட்கார்ந்து பார்க்க முடிவதில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளில், கல்யாணத்துக்கு முன்னால், பாலக்காட்டுப் பெருமாட்டி பக்கம் ஊர் ஊராகச் சுற்றிய ஒரு குஸ்திக் கம்பெனியில் இருந்தேன். வலிக்காமல் அடிப்பதுதான் வேலை. விரித்த கையால் அடித்து, அதே நொடியில் பலகையைக் காலால் மிதித்தால் சத்தம் கடைசி ஆள்வரை கேட்கும். பிடியில் இருக்கும்போது கையை இரண்டு தடவை அமுக்கினால் விடு என்று அர்த்தம். ஆனால் அடியைவிடக் கதைதான் பெரிது. ஜனம் யாரை வெறுக்க வேண்டும், யாருக்கு இரங்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே பேசி வைத்திருப்போம்.

நான் கெட்டவன். கறுப்புக் கம்பளி போர்த்தி, தலையில் துண்டு கட்டி வருவேன். என் கூட்டாளி நல்லவன். காக்கி அரை நிஜார், பூட்ஸ், வட்டத் தொப்பி, கையில் பிரம்பு. எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருந்ததால் அவன் ஏறினாலே விசில் பறக்கும். நான் அவன் கண்ணில் மூக்குப்பொடி தூவுவேன். ஜனம் என்னைத் திட்டும். மூன்றாவது சுற்றில் அவன் என்னை மல்லாத்துவான்.

அதே கதையை இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குக் கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். காலையில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்தில்தான் மேடை. ஏறிப் பார்த்தால், குளிருக்கு எல்லார் தோளிலும் என்னுடையதைப் போலவே கம்பளி. கூட்டாளி தொப்பியும் பிரம்புமாக ஏறினான். ஒரு விசில்கூட இல்லை. அந்த மலையில் அப்படி உடுத்தி வருகிறவர் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் எஸ்டேட் அதிகாரி என்பதை நாங்கள் ஒருவரையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவில்லை.

பொடி தூவினேன். களமே கை தட்டியது.

முன்னால் நின்ற, கொழுந்து கிள்ளும் அக்கா ஒருத்தி, "ஒரு நிமிசம் பிந்துனதுக்கு எம்பேர வெட்டி அன்னைக்குக் கூலியில்லாம ஆக்குனாம்லா, அதுக்கும் ஒரு பிடி பொடி போடுங்கண்ணே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அதுவரை எனக்காக யாரும் கை தட்டியதில்லை. அப்போது கூட்டாளி, பேசி வைத்தபடி, பிரம்பை என்மேல் ஓங்கினான். சிரிப்பு நின்றது. நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து ஏறப் பார்த்தார்கள். ஒருவன் கையில் கல்.

நான் கூட்டாளியின் கழுத்தைப் பிடித்து அமுக்கினேன். ஏறியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் என் கையை இரண்டு தடவை அமுக்கினான். நான் விடவில்லை.

"ஏனப்பா, இவிய என்னைய எதுக்குக் கொல்ல வாராங்க?" என்றான் என் காதோரம்.

"உன்ற வேசத்துக்குத்தான்."

"நீயே செயிச்சுப்போடு."

"செயிச்சா மேல ஏறி உன்னைய மிதிச்சே போடுவாங்க. சும்மா கெட."

அவன் என் கம்பளியை இறுகப் பிடித்துக்கொண்டான். அது நடிப்பில்லை.

தொப்பியைப் பிடுங்கினேன். பூட்ஸைக் கழற்றி வீசினேன். கூட்டம் ஆடியது. வெறுங்காலோடு அவன் ஒடுங்கி நின்றான். பிறகு நான் என் கம்பளியைக் கீழே போட்டு, தொப்பியை என் தலையில் வைத்து, அவன் பிரம்பை எடுத்துக்கொண்டேன். நிமிர்ந்து, ஒவ்வொருவராக எண்ணுகிற மாதிரி பிரம்பை நீட்டினேன்.

அவ்வளவுதான். களம் அப்படியே அடங்கியது. கூட்டாளிக்கும் புரிந்துவிட்டது; கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டான். யாரோ "விடாதடே, தூக்கிப் போடுடே" என்று அவனுக்குக் குரல் கொடுத்தார்கள். கயிற்றில் இருந்தவர்கள் இறங்கிக்கொண்டார்கள். கல் வந்தது, என் தோளுக்கு. அவன் என்னை மல்லாத்தினான். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

நான் லாரிக்குப் போகும் வழியில் அந்த அக்கா நின்றாள்.

"தொப்பி கெடச்சதும் நீயும் அப்படித்தானாண்ணே?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. "நடிப்பு, அக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் கூட்டாளியின் வேஷமும் நடிப்பு என்றாகும். அவன் இன்னும் அவர்கள் நடுவில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆமா" என்றேன். அவள் வழியை விட்டு ஒதுங்கினாள்.