மணிக்காரனுக்கு அடிக்காத மணி

அந்தக் கத்தோலிக்கப் பங்கில் யார் செத்தாலும் கோயில் மணி வயதுக்கு ஓர் அடி அடிக்கும். கைக்குழந்தை என்றால் ஒரே அடி. கிழவி என்றால் கேட்டுக்கொண்டே ஒரு சமையலை முடித்துவிடலாம். ஓலைக் கொட்டகையில் பூசை நடந்த நாளிலிருந்து வரும் வழக்கம் அது. பிறகு சனங்களே கல் சுமந்து கோயில் கட்டி மணிக்கூண்டும் எழுப்பினார்கள். அந்தக் கூண்டு மணியை அடிக்க முதல் ஆளாக வந்தவன் ஓர் இளவட்டம்; அவனுக்கு ஒரு தங்கச்சி. ஊர் அவனை மணிக்காரன் என்றது, அவளை மணிக்காரன் தங்கச்சி என்றது. தலை நரைத்து முட்டி தேய்ந்த பிறகும் அவளுக்கு அதே பெயர்தான்.

ஊருக்கெல்லாம் அடித்தவன் செத்தபோது மணி அடிக்கவில்லை.

காலை மணிக்கு ஏறியவன் மேல் படியிலிருந்து விழுந்தான். உளுத்துப்போன மரப்படி. மாற்றித் தரச் சொல்லிப் பங்குப் பேரவைத் தலைவரிடம் நாயாய் அலைந்திருந்தான். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றே தலைவர் காலத்தை ஓட்டினார். விழுந்தவனைத் தூக்கிக் கிடத்தியதும் அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "கொஞ்ச நாளாவே மனசு சரியில்லாம இருந்தான். குதிச்சிட்டான்."

அன்றிருந்த சாமியார் நம்பினார். அந்தக் காலத்தில் தானே உயிரை விட்டவனுக்கு மணியும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் நல்ல இடமும் கிடையாது. மதில் ஓரமாகப் புதைத்தார்கள். மறுநாள் தங்கச்சி மணிக்கூண்டில் ஏறிப் பார்த்தாள். பழைய படிகளுக்கு மேலே, அவன் விழுந்த இடத்தில், ஒரே ஒரு பலகை மட்டும் புதுசாக, மரவாசனை போகாமல் இருந்தது. உளுத்ததை யாரோ ராவோடு ராவாக மாற்றியிருந்தார்கள். சின்னப் பெண் சொல்வது எந்தக் காதில் ஏறும்? அவள் அம்மா அதன்பிறகு மணிச்சத்தம் வந்தாலே காதைப் பொத்திக்கொண்டாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

தங்கச்சி அழுது நேரத்தை வீணாக்கவில்லை. கன்னியர் மருத்துவமனையில் பயிற்சி எடுத்து, படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலையில் நிலைத்தாள். அந்தப் பலகையை மட்டும் மறக்கவில்லை. புதுச் சாமியார் வந்ததும் போய்க் கேட்டாள்.

"இப்ப சட்டமே மாறிடுச்சும்மா" என்றார் அவர். "நாளைக்கே அடிக்கச் சொல்லட்டுமா?"

"பாவம் பார்த்து அடிக்கிற மணி வேண்டாம் சாமி. அவன் குதிக்கலன்னு சொல்லி அடிக்கணும்."

"அதை யாரும்மா சொல்றது?"

"குதிச்சான்னு சொன்னவரே சொல்லணும்."

சொன்னவருக்கு அந்த மழைக்காலத்தில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மருமகள் ஆள் தேடுகிறாள் என்று கேள்விப்பட்டதும் தங்கச்சி தானாகவே போய் வாசலில் நின்றாள்.

அவள் வேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. மருந்து நேரத்துக்கு, கஞ்சி இளஞ்சூட்டில், விரிப்பு சுருக்கமில்லாமல். தலைவர் முதுகில் ஒரு புண் வரவில்லை. செத்துத் தொலைந்தால் அப்புறம் யார் சொல்வது?

"அக்கா, உங்களைப் பார்த்தாலே மாமா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிறாரு" என்றாள் மருமகள்.

"திருப்பட்டும். கழுத்துக்கு நல்லது."

பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் வந்து பார்த்தார். சின்னச் சின்னச் சொல்லாக எடுத்து, தினமும் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வையுங்கள் என்றார். எந்தச் சொல் என்று அவர் சொல்லவில்லை. அதைத் தங்கச்சி பார்த்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. படி."

"ப... டி."

"உளுத்த படி."

தலைவர் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டார்.

"உங்க இஷ்டம்" என்று அவர் வாயோரம் துடைத்துவிட்டாள். "பேரனைப் பேர் சொல்லிக் கூப்பிடணும்னா இந்த வழியாத்தான் போகணும். எனக்கு வேற வழி தெரியாது."

ஒரு வாரம் வீம்பு பிடித்தார். பேரன் வந்து கட்டிலருகே நின்று, தாத்தா ஏதாவது சொல்வாரா என்று பார்த்துவிட்டு ஓடிப்போன அன்று வாயைத் திறந்தார். உளுத்த படி. புதுப் பலகை. அவன் குதிக்கல. காலையும் மாலையும் அதே பாட்டு. அடுத்த அறையிலிருந்த மகனுக்கு அது வெறும் பயிற்சி. உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் அது என்னவென்று தெரியும்.

நாக்கு கொஞ்சம் திரும்பியதும் தலைவர் ஒரு காரியம் செய்தார். சாமியாரை வரவழைத்து, கதவைச் சாத்தச் சொல்லி, செய்த பாவத்தை அவர் காதில் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார். வெளியே வந்த சாமியார் தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவளுக்கு விளங்கிவிட்டது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்ல முடியாது. கிழவர் சொல்லியும்விட்டார், பூட்டியும்விட்டார். அவள் கொடுத்த நாக்கை வைத்துக்கொண்டே.

அன்று சாயங்காலம் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சொன்னாள். "கடவுள் மன்னிச்சிருப்பார். அது அவர் தொழில். எனக்கு அந்தத் தொழில் தெரியாது. ம், சொல்லுங்க. உளுத்த படி."

கோயில் கட்டிய பொன்விழா வந்தது. அன்று முன்னின்று கோயிலை எழுப்பிய பழைய தலைவர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று பேரவை கேட்டது. "என் மக்களோடு சேர்ந்து இந்தக் கோயிலைக் கட்டினேன்" என்ற வரியை மகன் எடுத்துக்கொண்டு வந்தான்.

"இதைப் பழக்கிவிடுங்கக்கா."

"நீயே பழக்கு தம்பி. அது எனக்கு வராது."

மகன் அவசர அவசரமாகப் பழக்கினான். அவள் தன் பங்குக்குக் காலையும் மாலையும் தன் வரியையே பழக்கினாள்.

பூசை முடிந்ததும் சக்கர நாற்காலியை அவள்தான் பீடத்துக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போனாள். கோயில் நிறைந்திருந்தது. மகன் ஒலிவாங்கியை அப்பாவின் வாயருகே பிடித்தான். தலைவர் வாயைத் திறந்தார். மகனின் வரி வரவில்லை. பதற்றத்தில், பழகிய தடத்திலேயே நாக்கு போனது.

"உளுத்த படி. அவன் குதிக்கல."

மகன் சிரித்துச் சமாளித்தான். "அப்பா பயிற்சி ஞாபகத்துல..."

தங்கச்சி நாற்காலியின் பிடியை விடவில்லை. முதல் தடவை பேசியது நாக்குதான், ஆள் இல்லை என்பது அவளுக்கே தெரியும். கிழவர் நினைத்தால் இப்போதுகூடத் தலையை ஆட்டித் தப்பிக்கலாம். அவர் கண் மேலே, மணிக்கூண்டுப் பக்கம் போனது. இடக்கையால் மகனின் கையைப் பிடித்து ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"மணிக்காரன்... குதிக்கல. படி உளுத்திருந்துச்சு. நான்தான்... மாத்தல. பொய் சொன்னேன்."

"நான்தான்" என்பதிலிருந்து வந்த ஒரு சொல்லையும் அவள் பழக்கவேயில்லை.

சாமியார் எழுந்தார். அவர் நாக்கிலிருந்த பூட்டு இப்போது தேவையில்லை. மணியடிப்பவரைப் பார்த்து, "அவன் வயசுக்கு அடிங்க" என்றார்.

முதல் அடி விழுந்ததும் மகன் நாற்காலியை வாசல் பக்கம் திருப்பப் பார்த்தான். அது நகரவில்லை. தங்கச்சி பிரேக்கைப் போட்டிருந்தாள்.

"மணி முடியட்டும் தம்பி."

இளவட்டத்தின் மணி நீளமாக அடிக்காது. ஆனாலும் அது முடிய வெகுநேரம் ஆனது போல இருந்தது. கிழவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. அவள் துண்டால் துடைத்தாள். ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும்.

மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனாள். மருமகள் கதவைத் திறந்து ஒதுங்கி வழிவிட்டாள். தங்கச்சி கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். தலைவர் விழித்துக் காத்திருந்தார். வாயைக் கோணிக் கோணி ஒரு சொல்லைக் கொண்டுவந்தார்.

"மன்னி... மன்னி..."

"அது நம்ம பயிற்சியில இல்ல" என்று தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள். "வாயைத் திறங்க. இன்னைக்குப் பேரன் பேர்ல ஆரம்பிப்போம்."