சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரும் ஜெபராஜ் சார்

ஜெபராஜ் சார் காலமாகிவிட்டார். காலையில் நெஞ்சு வலி என்றாராம்... ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

எங்கள் இறால் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்த்தவர். யார் பேருக்கு எந்த ஸ்க்ரீன் திறக்கும், யார் பாஸ்வேர்டை எப்போது மாற்றணும், எல்லாம் அவர் பொறுப்பு.

அஞ்சாம் கிளாஸ் படித்த எனக்கும் ஒரு பாஸ்வேர்டு தந்தார். உரிக்கிற பகுதியில் அத்தனை பெண்களில் எனக்கு மட்டும். நான் ஓகே போட்டால்தான் சரக்கு லாரி ஏறும்.

நான் டைப் அடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார்.

"ஒங்களுக்குத் தெரியாததா சார்?"

"மாத்தத்தான் முடியும்க்கா. என்னன்னு எனக்கே தெரியாது. யாருட்டயும் சொல்லிராதீங்க."

"மாதாகிட்ட கூடவா?"

"ஒங்க மாதாகிட்ட சொல்லுங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லாதீங்க."

அந்த சூப்பர்வைசரிடம்தான் சொன்னேன்...

ஆலந்தலையில் மகள் வீட்டில் பேத்திக்கு மாதா கோயிலில் புதுநன்மை விழா. நான் லீவு. பேக்கிங் சூப்பர்வைசர் போன் போட்டார். "யக்கா, லாரி நிக்கி. நீங்க ஓகே போடாம நகராது."

பந்தியில் உட்கார்ந்தபடியே, சம்பந்தி வீட்டாரும் கேட்கட்டும் என்று, பாஸ்வேர்டைச் சத்தமாய்ச் சொன்னேன். அவ்வளவு பெருமை எனக்கு.

ஐஸ் குறைந்து கெட்டுப்போன சரக்கு அது. என் பேரில் ஓகே ஆகிப் போய், அப்படியே திரும்பி வந்தது.

லீவில் இருந்தவள் பேரில் எப்படி ஓகே விழுந்தது என்று விசாரணை. சூப்பர்வைசர் தனக்கு ஒன்றும் தெரியாது என்றுவிட்டார். சார் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "நான்தான் அவங்க பாஸ்வேர்டை மாத்தி ஓகே போட்டேன். என் தப்பு" என்றார்.

நான் இறால் உரிக்கப் போய்விட்டேன்.

அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார்கள். கேட்டில் வைத்து, "வாயத் தெறக்காதீங்கக்கா. எனக்கு வேற வேலை கெடச்சிரும்" என்றார்.

கிடைக்கவில்லை. துறைமுக ரோட்டில் ஒரு செல்போன் கடையில் நின்றார். அவரைக் கண்டால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். என் வேலை அப்படியே இருந்தது.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி, அந்தப் பிள்ளை, என் கையைப் பிடித்து, "இவங்க எந்தத் தப்பும் செய்யல. நீங்களாவது நம்புதீங்களாக்கா?" என்று கேட்டது.

தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்...

ஃபேஸ்புக்கில் கம்பெனி ஆட்கள் எல்லாரும் இதைப் பார்ப்பீர்கள். சார் பாஸ்வேர்டை மாற்றவே இல்லை. நான்தான் சொன்னேன்.

வீடு வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை சார். உங்கள் வீட்டுக்குத்தான் திரும்பப் போகிறேன். அந்தப் பிள்ளையிடம் என் வாயால் சொல்லணும்.

போய் வாங்க சார்.